சமையல் குறிப்புக்கு கிராம் வேண்டும்

தமிழில் இன்று வெளிவரும் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை 'கடலை மாவு ஒரு கப், சர்க்கரை இரண்டு கப்' என்ற பாணியில்தான் எழுதப்படுகின்றன. பத்திரிகையின் இணைப்பிதழானாலும் யூடியூப் சேனலானாலும் இதுவே வழக்கம். எந்தக் கப், அது எத்தனை மில்லி, மாவை அதில் எப்படி எடுப்பது என்ற விவரம் அபூர்வமாகவே கிடைக்கிறது. அந்தக் குறிப்பை நம்பி அடுப்பைப் பற்றவைப்பவர் நெய்யையும் முந்திரியையும் இன்றைய விலை கொடுத்து வாங்கியவர். பலகாரத்தின் பதம் தப்பினால், தனக்குக் கைப்பக்குவம் போதவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். பல நேரங்களில் குறை அவர் கையில் இல்லை, குறிப்பில் இருக்கிறது. மாவு, ரவை, வெல்லம், புளி, உப்பு போன்ற பொருள்களுக்குக் கப் அளவோடு கிராம் அளவையும் சேர்த்துத் தருவதைச் சமையல் எழுதுபவர்கள் தங்கள் அடிப்படைக் கடமையாகக் கொள்ள வேண்டும். அதுவும் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிப் போட்டதாக இல்லாமல், தாமே நிறுத்துப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும்.

காரணம் எளிமையானது. கப் ஒரு பொருள் அடைக்கும் இடத்தை அளக்கிறது. சமையலுக்குத் தேவை அந்தப் பொருள் எவ்வளவு என்பது. தண்ணீருக்கும் பாலுக்கும் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வராது. தூளாகவோ மணியாகவோ இருக்கும் பொருளுக்கு வரும், ஏனென்றால் கப்புக்குள் அந்தப் பொருளோடு காற்றும் இருக்கிறது. சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்கரைப் படிகம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. ஆனாலும் 240 மில்லி கப்பை அதால் நிரப்பினால் எடை சுமார் 200 கிராம்தான் வருகிறது. கணக்குப் போட்டால், கப்பின் கொள்ளளவில் பாதியை நெருங்கும் பங்கு மணிகளுக்கு இடையே உள்ள காற்று. சர்க்கரை மணிகள் கடினமானவை, அழுத்தினாலும் அதிகம் நெருங்காது, அதனால் யார் எடுத்தாலும் கப் எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாவு அப்படியில்லை. அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவே நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும். சலித்தால் பொங்கும், டப்பாவைத் தட்டினால் அடங்கும், மூட்டையின் அடியில் கிடந்தால் இறுகும். மைதாவை ஸ்பூனால் தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் சுமார் 120 கிராம். அதே கப்பை மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் 150 கிராமை எட்டும். ஒரே சமையலறையில், ஒரே கப்பில், ஒரே மாவில் கால் பங்கு வித்தியாசம்.

கால் பங்கு என்ன செய்யும் என்பதை மைசூர்பாகில் பார்க்கலாம். கடலை மாவு ஒரு கப், சர்க்கரை இரண்டு கப், நெய் இரண்டு கப் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கடலை மாவைச் சலித்துத் தளர்வாக எடுத்தால் கப்புக்குச் சுமார் 90 கிராம் வரும். பாக்கெட்டிலிருந்து அப்படியே அழுத்தி அள்ளினால் 120 கிராமை நெருங்கும். சர்க்கரை இரண்டு வீட்டிலும் 400 கிராம்தான். அப்படியானால் முதல் வீட்டில் மாவு ஒரு பங்குக்குச் சர்க்கரை நாலரைப் பங்கு, இரண்டாவது வீட்டில் மூன்றேகால் பங்கு. முதல் வீட்டில் பாகு இழுக்க மாவு போதாது. இரண்டாவது வீட்டில் மாவு நெய்யைக் குடித்துவிட்டு இறுகும். இருவரும் குறிப்பில் உள்ளபடிதான் செய்தார்கள், ஆனால் செய்தது இரண்டு வெவ்வேறு பலகாரங்கள். 'கடலை மாவு 100 கிராம்' என்று ஒரே ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கே இடமிருந்திருக்காது. பாகு பதம், தீயின் அளவு, கிளறும் வேகம் ஆகியவற்றைக் கற்பதற்கு அந்த இருவருக்கும் ஒரே தொடக்கப் புள்ளி கிடைத்திருக்கும்.

எப்படி அள்ளுவது என்ற சிக்கலுக்கு முன்பே, எது கப் என்ற சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வழக்கில் கப் என்பது 237 மில்லி. அங்கேயே உணவு லேபிள்களுக்கு 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான், ஏனென்றால் அது ஜப்பானியர்களின் பழைய அரிசி அளவையிலிருந்து வந்தது. நம் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டுகளில் 240-உம் உண்டு, 250-உம் உண்டு. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. சென்னையில் எழுதப்படும் குறிப்பை இன்று மெல்போர்னிலும் டொரோன்டோவிலும் லண்டனிலும் உள்ள தமிழர்கள் அதே நாளில் படித்துச் சமைக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கப் இருக்கிறது. கிராம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கப்பின் வரலாறும் இதையே சொல்கிறது. 1896-இல் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் தன் நூலில் தலைதட்டிய கப், தலைதட்டிய ஸ்பூன் என்று வரையறுத்தது, ஆளுக்கு ஆள் மாறிய உத்தேச அளவுகளுக்கு முடிவுகட்டத்தான். கப்பே ஒரு காலத்தில் துல்லியத்தை நோக்கி எடுத்துவைத்த அடி. கிராம் அதற்கு அடுத்த அடி.

எடை போட்டுச் சமைப்பது வெள்ளைக்காரப் பழக்கம், நமக்கு வந்தது படியும் ஆழாக்கும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பழைய அளவைகள் அப்படிச் சொல்லவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று தானியத்தை முகந்தளந்த அதே வீடுகளில், புளியும் வெல்லமும் மிளகாயும் பலத்திலும் வீசையிலும் நிறுக்கப்பட்டன. ஒரு பலம் சுமார் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. சீராக உருளும் நெல்லையும் அரிசியையும் முகந்து அளக்கலாம், ஒட்டிக்கொள்ளும் புளியையும் உடைந்து கிடக்கும் வெல்லத்தையும் முகக்க முடியாது என்ற தெளிவு அதில் இருந்தது. முகத்தலளவைக்கு இருந்த குறையும் அன்றே தெரிந்ததுதான். படிக்கு எட்டு ஆழாக்கு என்ற கணக்கு மாறவில்லை, ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று பெயர்கள் பெருகின. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓயாத வழக்கு இருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1958 முதல் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வந்து, அரிசி கிலோவுக்கு மாறியபோது அந்த வழக்கு ஓய்ந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல், அந்த மாற்றத்துக்கு முன்பே வெளிவந்த நூல். அன்றைய அளவைகளை இன்றைய அளவைகளுக்கு மாற்றித்தான் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். கடை மாறிவிட்டது, ரேஷன் மாறிவிட்டது, சமையல் குறிப்பு மட்டும் படியை விட்டுவிட்டு, அதே குறையுள்ள கப்பைப் பிடித்துக்கொண்டது.

தப்பினால் நஷ்டம் பெரிது என்ற இடங்களில் நாம் ஏற்கெனவே எடைக்கு வந்துவிட்டோம் என்பதையும் கவனிக்க வேண்டும். கல்யாணச் சமையல் மாஸ்டர் தரும் மளிகை லிஸ்ட் கிலோவிலும் கிராமிலும் இருக்கும், அதில் கப் என்ற பேச்சே கிடையாது. பிரியாணி மாஸ்டர் அரிசியையும் கறியையும் கிலோவில்தான் பேசுவார். சாம்பார்ப் பொடி அரைக்க மில்லுக்குக் கொண்டுபோகும்போது மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, மஞ்சள் இத்தனை கிராம் என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதிரசத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று சொல்லும் பாட்டிகள், வெல்லத்தைக் கப்பில் சொல்லியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோயிருக்கும் என்பதை அறிந்தவர்கள். மத்திய அரசின் மதிய உணவு விதிகள் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று நிர்ணயிக்கின்றன. எந்த ஊர்ப் பள்ளியிலும் எந்தப் பிள்ளைக்கும் பங்கு குறையக் கூடாது என்றால் அதை கிராமில்தான் எழுத முடியும். ஆயிரம் பேருக்குச் சமைப்பவருக்கு உதவும் இந்த முறை நாலு பேருக்குச் சமைப்பவருக்கு ஏன் கூடாது? நாலு பேருக்குச் சமைக்கும்போது அளவும் சிறியது, ஆகவே சிறு பிழையும் பெரிதாகத் தெரியும்.

புளியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'எலுமிச்சை அளவு புளி', 'நெல்லிக்காய் அளவு புளி' என்பவை நம் குறிப்புகளில் நிலைத்துவிட்ட அளவுகள். சிறிய எலுமிச்சையின் விட்டம் 3 சென்டிமீட்டர், கொஞ்சம் பெரியதன் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பார்வைக்கு இரண்டும் எலுமிச்சைதான். ஆனால் உருண்டையின் கன அளவு விட்டத்தின் மும்மடியாக வளரும். அந்த ஒரு சென்டிமீட்டரில் புளி இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். புளிக்குழம்பு ஒரு வீட்டில் சப்பென்றும் இன்னொரு வீட்டில் பல் கூசும்படியும் வருவதற்கு இந்தக் கணக்கு போதும். உப்பிலும் இதே சிக்கல்தான், விளைவு இன்னும் தீவிரம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். அமெரிக்காவில் விற்கும் பொரிப்பொரியான ஒரு வகை உப்பு அதே டீஸ்பூனில் 3 கிராம்கூட வராது. நம் கல்லுப்பும் பரலின் அளவுக்கு ஏற்ப ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். 'உப்பு இரண்டு ஸ்பூன்' என்ற ஊறுகாய்க் குறிப்பு, எந்த உப்பு என்று சொல்லாவிட்டால், ஒரு வீட்டில் கரிப்பாகவும் இன்னொரு வீட்டில் பூசணம் பிடித்தும் முடியலாம். மாங்காயின் எடையில் இத்தனை பங்கு உப்பு என்று சொன்னால் இரண்டும் நேராது.

உடல்நலக் கணக்கும் எடையில்தான் ஓடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அது நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால், வெளியில் சாப்பிடுவதையும் அப்பளம், ஊறுகாயையும் சேர்க்காமலே அந்த வீட்டில் உப்பு கூடுதல் என்று பொருள். பாக்கெட்டுகளின் மேல் அச்சிடப்படும் சர்க்கரை, கொழுப்பு, சோடியம் அளவுகள் 100 கிராமுக்கு எவ்வளவு என்றே தரப்படுகின்றன. மருத்துவர் சொல்வதும் லேபிள் சொல்வதும் கிராமில் இருக்க, வீட்டில் சமைப்பது மட்டும் கப்பில் இருந்தால், சர்க்கரை நோயோடும் ரத்த அழுத்தத்தோடும் வாழும் லட்சக்கணக்கான குடும்பங்கள் தங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கிட வழியே இல்லாமல் போகும்.

கிராமுக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தால், தவறாக மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கப் 240 மில்லி, ஆகவே எல்லாமே 240 கிராம் என்று எடுத்துக்கொள்வது இன்று மிகப் பரவலான பிழை. அது தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். அந்தக் கணக்கில் கேக்குக்கு மைதா போட்டால் தேவையைப் போல இரண்டு மடங்கு விழும். 240 மில்லி கப்பில் மைதா சுமார் 120 கிராம், அரிசி மாவு சுமார் 155, ரவை சுமார் 170, பச்சரிசி 190 முதல் 200, சர்க்கரை 200, நெய் சுமார் 215, தேன் சுமார் 340, துருவிய தேங்காய் 80 கிராம் அளவில். தேங்காய்க்கும் தேனுக்கும் இடையே நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே பெருக்கல் எண் எப்படிச் செல்லும்? எண்ணெய் வாங்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். லிட்டர் வேறு, கிலோ வேறு என்று கடைக்காரருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. குறிப்பு எழுதுபவர் அதைத் தாமாகக் கற்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு கைப்பக்குவம் பற்றியது. அளவே பார்க்காமல் கண் அளவிலும் கை அளவிலும் சமைத்த தலைமுறையின் ருசிக்கு எந்தத் தராசு ஈடாகும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள மரியாதை நியாயமானது. ஆனால் அந்தக் கை அளவு தவறாமல் அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே கை, ஒரே பாத்திரம், ஒரே கடைச் சாமான், பல்லாண்டுப் பழக்கம். பக்கத்தில் நின்று கற்ற மகளுக்கும் மருமகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்று கற்பவர்களில் பலர் வேலைக்காக வேறு ஊரில் தனியாக இருப்பவர்கள், முதல்முறையாக அடுப்படிக்குள் வரும் ஆண்கள், அம்மாவிடம் போனில் கேட்டு எழுதிக்கொள்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லை, குறிப்பு மட்டுமே இருக்கிறது. ஒரு பெரியவரின் கைப்பிடியை நிறுத்துப் பார்த்து இத்தனை கிராம் என்று எழுதிவைத்தால் அவருடைய கைப்பக்குவம் குறையாது. அவருக்குப் பின்னும் அது நிற்கும்.

இரண்டாவது மறுப்பு செலவும் சிரமமும். எல்லார் வீட்டிலும் தராசு கிடையாது என்பது உண்மை. அதனால்தான் கப்பை ஒழித்துவிடச் சொல்லவில்லை, கிராமையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். தராசு இல்லாதவர் கப்பைப் பார்க்கட்டும், இருப்பவர் கிராமைப் பார்க்கட்டும். சமையலறைக்கான சிறிய எலெக்ட்ரானிக் தராசு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு முறை நெய்ப் பலகாரம் வீணாவதைத் தவிர்த்தாலே அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். சிரமம் என்பதும் பழகாதவரைதான். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி மாவைக் கொட்டலாம், மறுபடி பூஜ்யமாக்கி அதே கிண்ணத்தில் வெல்லத்தைப் போடலாம். கழுவ வேண்டிய கப்புகளும் ஸ்பூன்களும் குறையும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் ஆழமானது. பொருளே மாறும்போது எடை மட்டும் என்ன செய்யும் என்கிறார்கள். பழைய அரிசி கூடுதல் தண்ணீர் கேட்கும். ஈர அரிசியை இடித்த மாவும் பாக்கெட் மாவும் ஒரே எடையில் ஒரே மாதிரி நடக்காது. பழம்புளியின் புளிப்பு வேறு, புதுப்புளியின் புளிப்பு வேறு. எல்லாமே சரி. எடை இந்த வேறுபாடுகளை நீக்காது. ஆனால் மாறக்கூடியவை இரண்டு இருக்கும்போது ஒன்றையாவது நிலையாக்கினால்தான் மற்றது தெரியும். மாவு எத்தனை என்பது உறுதியாக இருந்தால், பிசையும்போது தண்ணீர் கூடுதலாகப் பிடித்தது மாவின் குணம் என்று தெரிந்துகொள்ளலாம், அடுத்த முறை திருத்தலாம். இரண்டும் மாறினால் தவறிலிருந்து எதையுமே கற்க முடியாது. அதே சமயம், எல்லாவற்றையும் நிறுக்கத் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரால் அளப்பது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் இரண்டும் மணிகள், அடர்த்தி ஏறக்குறைய ஒன்று, தேவைப்படுவது விகிதம் மட்டுமே. அரிசிக்குத் தண்ணீர் வைப்பதும் அப்படியே. ரசத்தில் சீரகம் அரை கிராம் கூடினால் ஒன்றும் ஆகாது. 5 கிராமுக்குக் கீழே உள்ளவற்றுக்கு ஸ்பூனே போதும், ஏனென்றால் சாதாரணச் சமையலறைத் தராசு அந்தச் சிறு அளவை நம்பகமாகக் காட்டாது. மாவு, வெல்லம், புளி, தேங்காய், கூடுதலாகச் சேரும் உப்பு ஆகியவற்றில்தான் எடை இன்றியமையாதது.

மாற்று அட்டவணைகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே, ஒன்று 120 என்கிறது, இன்னொன்று 140 என்கிறது, எதை நம்புவது என்றும் கேட்கலாம். அட்டவணை போட்டவர்கள் தவறு செய்ததால் வந்த வேறுபாடு அல்ல அது. ஒவ்வொருவரும் கப்பை ஒவ்வொரு விதமாக நிரப்பியதால் வந்தது. கப்பை நம்ப முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே எந்த அட்டவணையும் கடைசி நேர உதவிதான். ஒரு குறிப்பின் சரியான கிராம் அளவு, அதை உருவாக்கியவரின் கப்பில் விழுந்த எடை. அதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் நிறுத்து எழுதாவிட்டால் வேறு யாரும் அதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே பொறுப்பு எழுதுபவரிடமும் வெளியிடுபவரிடமும் இருக்கிறது. குறிப்பின் தலைப்பிலேயே 'ஒரு கப் 240 மில்லி' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தான் வழக்கமாக எடுக்கும் விதத்தில் மூன்று முறை எடுத்து நிறுத்து, சராசரியைக் கப்புக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். தோல் உரித்த பூண்டா, உரிக்காததா, பொடித்த வெல்லமா, பாகாகக் காய்ச்சியதா என்று தெளிவாக்க வேண்டும். நீர்ப் பொருள்களுக்கு மில்லி போதும். பத்திரிகைகளின் சமையல் பக்கங்கள் கிராம் இல்லாத பலகாரக் குறிப்பை ஏற்பதில்லை என்று ஒரு விதி வைத்தால் ஓராண்டில் வழக்கமே மாறிவிடும். சமையல் நூல்களை மறுபதிப்புச் செய்யும் பதிப்பகங்கள் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு முறை சமைத்து நிறுத்துப் பார்க்கும் செலவை ஏற்க வேண்டும். வாசகர்களும் கேட்க வேண்டும். ஒரு வீடியோவின் கீழே 'சூப்பர்' என்று எழுதும் நேரத்தில் 'மாவு எத்தனை கிராம்?' என்று எழுதினால், அடுத்த வீடியோவில் பதில் வரும். அவ்வளவு சிறிய உழைப்புதான் இது. தீபாவளிக்கு முதல்முறையாக மைசூர்பாகு கிளறும் ஒருவருக்கு, அவர் செலவழிக்கும் நெய்க்கும் நேரத்துக்கும் உரிய மரியாதையை அந்த உழைப்பு தருகிறது.